குற்றவாளி சோப்பு அல்ல, தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய மாதிரி வட்ட சவர சோப்பு வாங்கி ஏமாந்ததாகவும், எவ்வளவு தேய்த்தும் நுரை வரவில்லை என்றும் ஒரு வாசகர் இப்பகுதியில் எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் சோப்பைத் திட்டினேன்.

அம்பாசமுத்திரத்தில் நாற்பது வருஷம் தாமிரபரணித் தண்ணீரில் சவரம் செய்தவன் நான். சோப்பில் பிரஷ்ஷை நாலு சுற்று சுற்றினால் கட்டித் தயிர் மாதிரி நுரை ஏறும். ஓய்வு பெற்று மகனோடு மேடவாக்கம் வந்தேன். அதே சோப்பு, அதே பிரஷ். கன்னத்தில் ஒட்டியதோ திரிதிரியாய் வெள்ளைப் பிசுக்கு. பிளேடு பட்ட இடமெல்லாம் எரிச்சல். போலி சோப்பு விற்றாயா என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். இன்றும் அந்தக் கடை வழியாகப் போனால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

ஒருநாள் மோட்டார் ஓடவில்லை. குடிக்கிற கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துச் சவரம் செய்தேன். கிண்ணம் பொங்கியது! போர் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடுகின்றன. நுரைக்க வேண்டிய சோப்பு அதற்கே செலவாகிவிடுகிறது. காய்ச்சினால் சரியாகும் என்பார்கள். கொஞ்சம் உப்பு பாத்திரத்தின் அடியில் படியும், அவ்வளவுதான். மிச்சம் தண்ணீரிலேயே நிற்கும். மழைத் தண்ணீருக்கு ஈடில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடிக் குழாயடியில் ஒரு குடம் வைத்துவிடுவேன். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானதில் எனக்குக் கிடைத்த லாபம் இந்த ஒரு குடம்!

கைப்பக்குவமும் உண்டு. பிரஷ்ஷை 2 நிமிடம் வெந்நீரில் ஊறவிட்டு, சொட்டாத அளவுக்கு உதற வேண்டும். சோப்பின் மேல் அரை நிமிடமாவது சுற்றினால் முடிநுனியில் பசை மாதிரி ஏறும். தண்ணீர் அதற்குப் பிறகுதான், அதுவும் சொட்டுச் சொட்டாக. அவசரத்தில் எடுத்த எடுப்பில் ஊற்றினால் பாத்திரம் விளக்குகிற நுரைதான் வரும். பெரிய பெரிய குமிழ், முகத்தில் நிற்காது. குமிழே கண்ணுக்குத் தெரியாமல் பளபளவென்று இருந்தால் பிளேடை எடுக்கலாம்.

அந்த வாசகர் சோப்பை இன்னும் தூக்கி எறியவில்லை என்றால், நாளைக் காலை ஒரு டம்ளர் கேன் தண்ணீரில் முயன்று பார்க்கட்டும்.

– ஓய்வுபெற்ற தபால்காரர்,
மேடவாக்கம்.