முதலில் கண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுமையும் அறிவுத்திறனும் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வயதானால் மூளை மந்தமாகிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அம்மாவுக்கு 74 வயதில் ஒரு மருத்துவமனையில் ஞாபகசக்தி சோதனை வைத்தார்கள். நகலுக்கு நகல் எடுத்து வெளுத்துப்போன தாள், அதில் சாம்பல் கோடுகளில் ஒரு கனசதுரம், அதைப் பார்த்து வரைய வேண்டும். அம்மா தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார், கண்ணருகே கொண்டுபோனார், பின்பக்கக் கோடு எங்கே முடிகிறது என்று விரல் வைத்துத் தேடினார். 30 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர் அவர், போர்டில் கனசதுரம் போட அவருக்கு ஐந்து நொடி ஆகாது. "வேகம் குறைவு" என்று குறித்துக்கொண்டார்கள். கண்புரை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இருந்தது, இரண்டு கண்ணிலும்.

20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் 60 வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது, ஏனென்றால் கண்பாவை சுருங்கிவிடுகிறது, லென்ஸும் மஞ்சளாகிவிடுகிறது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டால் இது சரியாகாது.

அதற்காகப் பார்வைக்கும் புத்திக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீளம் வேறுபட்ட இரண்டு கோடுகளைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் காட்டி மறைத்துவிட்டு, எது நீளம் என்று கேட்கும் சோதனை ஒன்று இருக்கிறது. பதிலை நிதானமாகச் சொல்லலாம், பார்க்கத்தான் அவகாசம் கிடையாது. ஸ்காட்லாந்தில் 1936-ல் பிறந்தவர்களை 70, 73, 76 வயதுகளில் இப்படிச் சோதித்தார்கள். 2014-ல் வந்த அந்த ஆய்வில், இப்படிச் சட்டென்று பார்த்தறியும் வேகம் அதிகம் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் யோசிக்கும் திறனும் சேர்ந்தே குறைந்திருந்தது. ஆனால் எது எதை இழுத்துக்கொண்டு போகிறது என்பதற்கு அதில் முடிவான பதில் இல்லை. அப்புறம், சொல்வளமும் அனுபவ அறிவும் இந்த வேகத்தோடு சேர்ந்து சரிவதில்லை, பலருக்கு 70 தாண்டியும் நன்றாகவே நிற்கும். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, லான்செட் ஆணையம், 2024-ல், கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவையும் மறதி நோய்க்கான, நாம் சரிசெய்யக்கூடிய 14 காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. அடுத்த முறை எழுதும்போது, சோதனைக்கு முன்னால் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், நல்ல வெளிச்சத்தில், கறுப்பாக அச்சடித்த தாளில் வைக்கச் சொல்லுங்கள். கண்புரை எடுத்து இரண்டு மாதம் கழித்து அம்மா அதே கனசதுரத்தை என் முன்னால் ஒரே மூச்சில் வரைந்தார். அவருடைய ஃபைலில் "வேகம் குறைவு" இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி