பிள்ளைகளின் கையளவுக்குச் செய்து தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், வெளியூரில் இருந்தாலும் பள்ளியை மறக்காத பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

நாங்குநேரிப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியான எங்கள் பள்ளியில் இரண்டாம் பருவம் தொடங்கிவிட்டது. காலாண்டு விடுமுறையில் நீங்கள் செய்து தந்த சாமான்கள் இப்போது தினமும் பிள்ளைகள் கையில் புழங்குகின்றன. யார் எதைச் செய்தார்கள், அது வகுப்பில் எப்படி உதவுகிறது என்று ஊர் முழுக்க அறியும்படி சொல்ல விரும்புகிறோம். பணமாகத் தந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. ஆனாலும் இந்த முறை எங்களைத் தூக்கி நிறுத்தியது தொழில் தெரிந்தவர்களின் கைவேலை. கடைப் பொருளில் கிடைக்காத ஒன்று அதில் இருந்தது: ஏழு வயதுப் பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் பொருந்திய அளவு.

இது இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள பள்ளி. அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட முறையில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகள் ஒன்றாக உட்கார்ந்து, அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் படிக்கின்றன. ஆசிரியர் அரும்புப் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தில் மற்ற இரண்டு குழுவும் தாமாக வேலை செய்தாக வேண்டும். கையில் சரியான பொருள் இருந்தால்தான் அது நடக்கும்.

முதல் நன்றி வாரியல் கட்டி விற்கும் பெரியம்மாவுக்கு. ஒன்று, பத்து, நூறு என்ற இடமதிப்பைச் சொல்லித்தர 10 செ.மீ. நீள ஈர்க்குத் துண்டுகள் கேட்டிருந்தோம். கேட்க எளிதாகத் தோன்றும் வேலை. ஆனால் தென்னை ஈர்க்கு அடியில் தடித்து நுனியில் மெலிந்திருக்கும். முழு ஈர்க்கையும் நறுக்கிக் கட்டினால் ஒரு கட்டு பருத்தும் இன்னொன்று ஒல்லியாகவும் வரும். இரண்டிலும் பத்துதான் இருக்கும். பிள்ளையோ பருத்த கட்டைப் பெரிய எண் என்று எடுத்துக்கொள்ளும். பெரியம்மா அடியையும் நுனியையும் கழித்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் நறுக்கி, பிசிறு சீவி, ஒரே தடிமனாகப் பிரித்துத் தந்தார். ஒரு பிள்ளைக்கு 120 துண்டு. பத்துக் கட்டு சேர்ந்து நூறான பிறகும் 20 மிஞ்ச வேண்டும், அப்போதுதான் நூற்றைத் தாண்டி எண்ண முடியும் என்று சொன்னதும், ஒன்றுகூடக் குறையாமல் எண்ணிக் கொடுத்தார்.

அந்தக் கட்டுகளுக்கு வளையம் தந்தவர் சைக்கிள் கடை அண்ணாச்சி. ரப்பர் பேண்ட் நம் வெயிலுக்கு இளகி ஈர்க்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அறுந்துபோகும். நூலால் கட்டினால் பிள்ளையால் அவிழ்க்க முடியாது. அவிழாத கட்டை வைத்துக் கழித்தல் சொல்லித்தர வழியே இல்லை. 42இல் 17 போக எவ்வளவு என்று பாருங்கள். கையில் 4 கட்டு, 2 உதிரி. இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாது. பிள்ளை ஒரு கட்டை அவிழ்க்கிறது. இப்போது 3 கட்டு, 12 உதிரி. ஏழு உதிரியையும் ஒரு கட்டையும் எடுத்தால் மீதி 25. பலகையில் ‘கடன் வாங்குதல்’ என்று எழுதுகிறோமே, அது என்னவென்று கட்டை அவிழ்த்த பிள்ளைக்குத்தான் புரிகிறது. அண்ணாச்சி பழைய டியூபை அரை செ.மீ. அகல வளையங்களாக வெட்டி, உள்ளே இருந்த மாவு போகக் கழுவித் தந்தார். பத்துக்கு அந்த வளையத்தை இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும், நூற்றுக்கு ஒரே சுற்றுப் போதும்.

வீட்டில் இதைச் செய்துபார்க்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் இரண்டு வாரம் கட்டி வைத்த கட்டைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். அது தானே எண்ணிக் கட்டட்டும். கட்டியதைக் கொடுத்தால் அதைப் பத்து என்று பார்க்காது, ஒரு பொருள் என்றே பார்க்கும்.

அடுத்து அச்சகத்துத் தம்பி. ‘முந்நூற்று ஐந்து’ எழுதச் சொன்னால் 3005 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. காதில் விழுந்த முந்நூறையும் ஐந்தையும் அப்படியே அடுத்தடுத்து எழுதுகிறார்கள். அவர்கள் எண்ணத்தில் தவறு இல்லை. அதை நேராக்க ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் அட்டைகள் வேண்டும். ஒன்றுகளுக்கு 5 செ.மீ. அகலம், பத்துகளுக்கு 10, நூறுகளுக்கு 15. உயரம் எல்லாவற்றுக்கும் 7 செ.மீ. 1 முதல் 9, 10 முதல் 90, 100 முதல் 900 என்று ஒரு தொகுப்புக்கு 27 அட்டை. 300 அட்டையின் மேல் 5 அட்டையை வலது ஓரம் பொருந்த வைத்தால் கடைசிச் சைபர் மறைந்து 305 தெரியும். கத்தரிக்கோலால் வெட்டினால் ஒன்றிரண்டு மி.மீ. பிசகும். அந்த இடைவெளியில் அடியிலுள்ள சைபர் எட்டிப் பார்க்க, பிள்ளை அதையும் சேர்த்து வாசிக்கும். தம்பி கல்யாணப் பத்திரிகை வெட்டும் இயந்திரத்தில், மிஞ்சிய தடித்த அட்டையைக் கொண்டு, எல்லாத் தொகுப்பையும் ஒரே அளவில் வெட்டித் தந்தார். எண்களின் இடமும் துல்லியம். இவ்வளவு நேர்த்தியை நாங்கள் கேட்கவே இல்லை.

தார்சாவின் (வராந்தாவின்) தரையில் எண்கோடு வரைந்த பெயிண்டர் அண்ணனுக்கு நன்றி. 0 முதல் 20 வரை, 30 செ.மீ.க்கு ஒரு எண் வீதம் 6 மீட்டர் நீளம். எண் 1இல் தொடங்காமல் 0இல் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம். காரணம் கேட்டுவிட்டு அதற்கேற்ப இடம் பிரித்தார். 3இல் நிற்கும் பிள்ளையை 4 தாண்டச் சொன்னால், நிற்கும் இடத்தையே ஒன்று என்று எண்ணத் தொடங்கி 6இல் போய் நிற்கும். அதனால் இரண்டு எண்ணுக்கு நடுவே ஒரு பாதம் வரையச் சொன்னோம். எண்ணவேண்டியது பாதத்தை என்று ஆனதும் அந்தத் தவறு வெகுவாகக் குறைந்திருக்கிறது. எனாமல் மழையில் வழுக்கும் என்பதால் தரை முழுக்கப் பூசாமல் கோட்டையும் எண்ணையும் மட்டும் மெல்லிய பட்டையாக இழுத்திருக்கிறார். கரும்பலகைக்கும் அவரே பளபளப்பில்லாத சிலேட் பெயிண்ட் இரண்டு பூச்சு கொடுத்தார். மினுக்கும் கறுப்பு அடித்தால் சன்னல் வெளிச்சம் பட்டு ஓரத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது.

மணல் தட்டு செய்த ஆசாரி மாமாவும், அதற்கு மணல் சலித்துக் கொடுத்த கொத்தனார் அண்ணனும் அரும்புக் குழுவுக்குப் பெரும் உதவி செய்திருக்கிறார்கள். தட்டு 40 செ.மீ.க்கு 30 செ.மீ., விளிம்பு 2 செ.மீ., முனைகள் உருட்டித் தேய்த்தவை. அடிப்பலகைக்கு அடர் நீலம் அடித்திருப்பதால் விரல் போன வழி பளிச்சென்று தெரிகிறது. மணல் அரை செ.மீ. கனத்துக்கு மேல் போடக் கூடாது. போட்டால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும். கெ, கே இரண்டுக்கும் வேறுபாடு கொம்பின் ஒரு சுழிதான். நோட்டில் சிறிதாக எழுதும்போது காணாமல் போகும் அந்தச் சுழி, தட்டில் கை முழுக்கச் சுழன்று வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மணல் ஈரம் பிடித்துக் கட்டியாகும். வெயில் வரும் நாளில் தார்ப்பாயில் பரப்பிக் காயவைக்க இரண்டு பேர் முன்வந்தால் நல்லது.

கொத்தனார் அண்ணனுக்கு இன்னொரு நன்றியும் பாக்கி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. தரையை ஒட்டிய தட்டில் புத்தகம் வைக்கக் கூடாது என்பது அந்த வெள்ளம் சொல்லித் தந்த பாடம். புத்தக அலமாரிக்கு 45 செ.மீ. உயரத் திண்டு கட்டி, சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளியும் விட்டிருக்கிறார். சுவர் ஈரம் இனி அலமாரியைத் தொடாது. யார் வீட்டிலாவது பள்ளிப் புத்தகம் நனைந்தால் வெயிலில் போட வேண்டாம், தாள் நெளிந்துவிடும். பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் செருகி, நிழலில் நிறுத்திவைத்து, தாளை அவ்வப்போது மாற்றுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் கதை சொல்ல வரும் ஆச்சிமாருக்கு நன்றி. அந்தக் கதைகளைப் பிள்ளைகள் திரும்பச் சொல்லச் சொல்ல, சார்ட்டில் பெரிய புத்தகமாக எழுதி வருகிறோம். எழுத்து 3 செ.மீ. உயரம், வரிக்கு ஐந்தாறு சொல், பக்கத்துக்கு மூன்று வரி. தெரிந்த கதை என்பதால் அடுத்த வரியில் என்ன வரும் என்று ஊகித்தே வாசிக்கத் தொடங்குகிறார்கள்.

காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்காமார்களுக்கும், சத்துணவு அமைப்பாளருக்கும், சமையல் அம்மாவுக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம் தொடங்கிய எட்டயபுரம் அன்றைக்கு நம் நெல்லை மாவட்டத்து ஊர். முதல் பாடவேளையில் கணக்கு வைக்க எங்களுக்குத் துணிவு தருவது காலை உணவுதான்.

இனி வரப்போகும் நிகழ்வுகள். நவம்பர் 1 கிராம சபையில் கழிப்பறைத் தண்ணீர்க் குழாய் பற்றிய கோரிக்கையைப் பள்ளி மேலாண்மைக் குழு வைக்கிறது. பெற்றோர் திரளாக வந்தால் பேச்சுக்கு வலு கூடும்.

நவம்பர் 14 குழந்தைகள் தினத்தன்று, விடுமுறையாக அமைந்தால் அதற்கு முந்தைய வேலைநாளில், பிள்ளைகளின் சந்தை. முருங்கைக்கீரை, கொய்யா, எலுமிச்சை, சுண்டல், கருப்பட்டி மிட்டாய் என்று கடைகள் இருக்கும். ஒரு பிள்ளைக்கு 20 ரூபாய்க்கு மேல் கொடுத்தனுப்ப வேண்டாம். பொருளுக்கு விலை 5, 10 என்று முழுதாக வைத்தால் மீதிச் சில்லறைக் கணக்கு எழாது. 3, 7, 8 என்று வையுங்கள். 1 ரூபாய், 2 ரூபாய் நாணயம் நிறைய வேண்டும், கடைக்கார அண்ணாச்சிமார் மாற்றித் தந்து உதவுங்கள். பெற்றோர் தார்சாவிலேயே நிற்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். பின்னால் நின்று விடையைச் சொல்லிவிட்டால் பிள்ளை கணக்குப் போடாது, முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மளிகைக் கடை அண்ணாச்சி பழைய தட்டுத் தராசையும் 50, 100, 200, 500 கிராம் படிக்கற்களையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மின்தராசு எண்ணைக் காட்டும், எது கனம் என்பதைக் காட்டாது. அதனால் இது எங்களுக்குப் பொக்கிஷம். பரணில் படி, உரி, உழக்கு, ஆழாக்கு கிடந்தால் அவற்றையும் இரவல் தாருங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியை அளந்து ஊற்றினாலே அரை, கால், அரைக்கால் மூன்றும் கைக்கு வந்துவிடும். ஒரே வீட்டுச் செட்டாக இருப்பது முக்கியம். வீட்டுக்கு வீடு படியின் அளவு மாறும், கலந்தால் கணக்கு ஒட்டாது.

டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாளில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கவிதை வாசிப்பார்கள். டிசம்பர் 22, இராமானுஜன் பிறந்தநாளான தேசியக் கணித நாளில், ஈர்க்கையும் அட்டையையும் வைத்துப் பிள்ளைகளே பெற்றோருக்குக் கணக்குச் சொல்லித் தருவார்கள்.

தை பிறந்ததும் கூந்தன்குளம் பயணம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் மரங்களிலேயே கூடு கட்டும். பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று முதலில் பார்த்து, அதே அளவு இடங்களை அடுத்தடுத்து எண்ணித் தொகையை மதிப்பிடப் பழக்குவோம். குளத்தில் தண்ணீர் நிற்பதைப் பொறுத்து நாளை முடிவு செய்வோம். வேன் தர முன்வந்த தம்பிக்கு இப்போதே நன்றி. அன்று பளிச்சென்ற சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம்.

தராசு, படி, உழக்கு தருபவர்கள் நவம்பர் 10க்குள், வீட்டுப் பெயர் எழுதிய சீட்டை அடியில் ஒட்டி, தலைமையாசிரியரிடம் கொடுங்கள். சந்தை முடிந்த அடுத்த வேலைநாளில் பிள்ளைகளே வீடு தேடி வந்து திருப்பித் தருவார்கள்.

நன்றியுடன்,
ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர்
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி