டூல் குறிப்பையும் சோதித்த பிறகே வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்கெனவே இருக்கும் மென்பொருளை, நாம் சொல்லும் வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்ட் எடுத்துப் பயன்படுத்தும் 'டூல்' ஆக மாற்றித் தரும் வேலை பெங்களூரு ஐ.டி. நிறுவனங்களில் மும்முரமாக நடக்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம், டூல்களை ஏஐ-யுடன் இணைப்பதற்கான எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்ட பிறகு இது இன்னும் வேகமெடுத்தது. கோடிங்கை விழுந்து விழுந்து சோதிக்கிறார்கள். டூலோடு போகும் விளக்கக் குறிப்போ, பெரும்பாலும் கடைசி நேரத்தில் டெவலப்பர் தட்டிவிடும் ஒற்றை வரியாக நின்றுவிடுகிறது. இது பெரிய தவறு.

டூலின் உள்ளே இருக்கும் கோடு (நிரல்) ஏஜென்டுக்குத் தெரியாது. டூலின் பெயர், குறிப்பு, என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற பட்டியல் ஆகியவற்றை வைத்துத்தான் எந்த டூலை அழைப்பது, என்ன அனுப்புவது என்று அது முடிவு செய்கிறது.

ரயிலில் இடம் பார்க்கும் டூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'ரயில் இருக்கை நிலவரம் தரும்' என்று மட்டும் குறிப்பு. பயணி 'பெங்களூரிலிருந்து சென்னைக்கு' என்கிறார். ஏஜென்ட் ஊர்ப் பெயரை அப்படியே அனுப்புகிறது. டூலுக்கு வேண்டியதோ நிலையக் குறியீடு. கேஎஸ்ஆர், கன்டோன்மென்ட், யஷ்வந்த்பூர், விஸ்வேஸ்வரய்யா டெர்மினல் என்று ஊருக்குள்ளேயே பல நிலையங்கள். தேதி 05-06 என்று போனால் அது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? இவையாவது பிழைச் செய்தியில் பிடிபடலாம். டூல் '12' என்று ஓர் எண்ணைத் தந்து, அது காத்திருப்போர் பட்டியல் எண் என்பதை வேறொரு கட்டத்தில் குறியீடாக வைத்திருந்தால், '12 இடம் காலி' என்று ஏஜென்ட் பயணியிடம் சொல்லிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. கோடு சோதனை எல்லாமே பாஸ் ஆகியிருக்கும்.

இதே டூலுக்கு நல்ல குறிப்பு ஐந்தாறு வாக்கியம்தான். நிலவரம் மட்டும் பார்க்கும், பதிவு செய்யாது. பதிவுக்கு வேறு டூல். ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் முதலில் நிலையத் தேடல் டூலை அழைக்கவும். தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் வேண்டும். முன்பதிவு 60 நாளுக்குள் மட்டுமே (2024 நவம்பர் 1 முதல் ரயில்வே விதி இதுதான், பழைய 120 நாள் கணக்கையே, ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடல் நினைவில் வைத்திருக்கக்கூடும்). வரும் எண் எப்போது காலியிடம், எப்போது காத்திருப்பு என்பதையும் எழுதிவிட வேண்டும். அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதவும் கூடாது. பொதுவாக எல்லா டூல்களின் குறிப்புகளும் ஒவ்வொரு முறையும் மாடலுக்குப் போகின்றன. டோக்கன் (மாடல் படிக்கும் சொல் துண்டு) செலவு ஏறும், டூல்கள் பெருகப் பெருகக் குழப்பமும் ஏறும்.

எழுதிய குறிப்பு சரியா என்பதை வாசித்துப் பார்த்துச் சொல்ல முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். 'நாளைக்கு நைட் ரெண்டு பெர்த் இருக்கா' என்று மக்கள் கேட்கிற மாதிரியே 30 முதல் 50 கேள்விகள் போதும், தொடங்கிவிடலாம். அதில் மூன்றில் ஒரு பங்காவது இந்த டூலை அழைக்கவே கூடாத கேள்விகளாக இருக்கட்டும்; டிக்கெட் ரத்து, பணம் திரும்பப் பெறுவது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் எந்த டூல், என்ன விவரம், என்ன முடிவு என்று முன்கூட்டியே எழுதிவைத்து, மற்ற எல்லா டூல்களையும் சேர்த்தே ஓட்ட வேண்டும். தனியாக ஓட்டினால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பெயர் ஒத்த இன்னொரு டூல் பக்கத்தில் இருக்கும்போதுதான் தடுமாற்றம் வெளிப்படும்.

ஒரே கேள்விக்கு மாடல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்காது. எனவே குறைந்தது 5 முறை ஓட்டுங்கள். 5-க்கு 4 என்பதை 80 மதிப்பெண் என்று கொண்டாட வேண்டாம். பணம் கழியும் டூலில் அது தோல்வியே. இறுதிப் பதிலை மட்டும் பார்ப்பதும் போதாது, டூலை அழைக்காமலே ஊகித்துச் சொன்ன பதிலும் சரியாக அமைந்துவிடலாம். டூல் தேர்வு, அனுப்பிய விவரம், அழைப்புகளின் எண்ணிக்கை, முடிவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். பிறகு ஏஜென்ட் என்ன செய்தது என்று காட்டும் லாக் பதிவுகளைத் திறந்து படியுங்கள். ஒரே டூலை இரண்டு மூன்று முறை விவரம் மாற்றி மாற்றி அழைத்திருந்தால், குறிப்பில் எந்த வரி குறைகிறது என்பது அங்கேயே தெரியும். ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் திருத்தி மறுபடி ஓட்ட வேண்டும். குறிப்பை எழுதியவர் கண்ணில் படாத கேள்விகள் சிலவும் கையிருப்பில் இருக்கட்டும். மாடல் பதிப்பு மாறினால் முழுவதையும் மீண்டும் ஓட்ட வேண்டியதுதான்.

வெளியார் தரும் டூல்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குறிப்புக்குள்ளேயே தீய கட்டளையை ஒளித்துவைத்து ஏஜென்டைத் திசைதிருப்ப முடியும் என்பதை 2025-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அனுமதித்த நாளில் இருந்த குறிப்பைச் சேமித்துவைத்து, எழுத்து மாறினாலே டூல் நிற்கும்படி செய்ய வேண்டும்.

மாரத்தஹள்ளி, பி.டி.எம். லேஅவுட் பகுதிகளில் மென்பொருள் சோதனைப் பயிற்சி நிலையங்கள் ஏராளம். நம் தமிழ்ப் பிள்ளைகளும் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். இணையதளங்களைத் தானாகச் சோதிக்கும் செலினியம் மென்பொருளோடு இந்தச் சோதனை முறையையும் பாடத்தில் சேர்க்குமாறு அந்த நிலையங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைத் துறை வாசகர்கள்,
அல்சூர், பெங்களூரு