வந்தியத்தேவனை வழியனுப்பிவிட்டு நிற்கும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு உன் போன் வந்தபோது யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தேன். நம் குடும்பத்தில் அந்த நேரத்துக்கு வேறு எதற்கும் போன் அடிக்காது. எடுத்ததும் நீ, "மாமா, முடிஞ்சுபோச்சு" என்றாய். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்புறம்தான் "பொன்னியின் செல்வன்" என்று சேர்த்தாய். கல்கி எழுதிய சோழர் காலத்து நாவல், வந்தியத்தேவன் குதிரையில் வருகிற கதை. நல்லவேளை, அத்தை எழுந்திருக்கவில்லை.

"இனிமே என்ன படிக்கறது? எதை எடுத்தாலும் ரெண்டு பக்கத்துக்கு மேல ஓடலை" என்று கேட்டாய். தூக்கக் கலக்கத்தில் ஏதோ நாலு பெயர் சொன்னேன். அதையெல்லாம் அடித்துவிடு. இப்போது யோசித்து எழுதுகிறேன். எங்கள் ஆபீஸில் ஒரு பையன் போன மாசம் இதே கேள்வியை இதே முகத்தோடு கேட்டான். அதனால் கடிதம் உனக்கு என்றாலும் எல்லோரும் படிக்கிற இடத்தில் வைக்கிறேன்.

முதலில் ஒன்று. இது உனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கிய கதை 1954 மே மாதம்தான் முடிந்தது. மூன்றரை வருஷம். முடிந்ததும் வாசகர்கள் சும்மா விடவில்லை. அவள் என்ன ஆனாள், இவன் என்ன ஆனான், இப்படித் திடுதிப்பென்று முடித்துவிட்டீர்களே என்று கடிதம் கடிதமாக எழுதினார்கள். அதற்குப் பதிலாகத்தான் கல்கி முடிவுரை எழுதினார். உன் புத்தகத்தின் கடைசியில் இருக்குமே, அதுதான். அவர்களாவது வாரத்துக்கு ஓர் அத்தியாயமாகப் பழகிப் பழகிப் பிரிந்தவர்கள். நீ ஐந்து பாகத்தையும் இருபத்திரண்டு நாளில் முடித்திருக்கிறாய். வலிக்காமல் என்ன செய்யும்?

எனக்கு வந்தது பதினாறு வயதில். உன் கொள்ளுப்பாட்டி வாராவாரம் கல்கியிலிருந்து பக்கங்களைக் கத்தரித்து, ஊசியில் கோணி நூல் கோத்துத் தைத்து, அப்புறம் டவுனில் கொடுத்து பைண்டு பண்ணி வைத்திருந்தாள். மணியம் வரைந்த நந்தினி ஒரு பக்கம், ஓரத்தில் தலைவலித் தைல விளம்பரம் ஒரு பக்கம். கொலைவாள் பாகத்தில் நடுவே நாலு அத்தியாயம் கிடையாது. இரவல் வாங்கிய யாரோ அதை மட்டும் உருவிக்கொண்டார்கள். யாரென்று பாட்டிக்குத் தெரியும், கடைசிவரை சொல்லவே இல்லை. அந்த நாலு அத்தியாயத்தில் என்ன நடந்திருக்கும் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு மேலே போனேன். ரொம்ப வருஷம் கழித்து நூலகத்தில் அசலைப் படித்தபோது, என் கதை அதைவிட மோசமில்லை என்றுதான் தோன்றியது. சரி, அது என் திமிர்.

சொல்ல வந்தது, மறுநாள் காலை நான் செய்த தப்பு. ஓடினேன் கிளை நூலகத்துக்கு. சோழர், கப்பல், வாள், எது இருந்தாலும் போதும் என்று கேட்டு சாண்டில்யனின் கடல் புறாவை எடுத்து வந்தேன். மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்ன இது, ஒரு பெண் கதவைத் திறப்பதற்குள் இத்தனை வர்ணனை என்று கோபம். பத்து வருஷம் கழித்து ஒரு மழைக்கால லீவில் அதே புத்தகத்தை எடுத்தேன். கருணாகரனும் அநபாயனும் ஸ்ரீவிஜயத்துக் கடலில் போடும் திட்டங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தப் புத்தகம் முன்பும் ஒரு பாவமும் செய்யவில்லை. கல்கிக்கு அடுத்த நாள் வந்து நின்றது, அவ்வளவுதான்.

அதனால் இப்போதைக்கு ராஜா ராணிக் கதை எதையும் தொடாதே. அகிலனின் வேங்கையின் மைந்தன் ராஜேந்திரன் காலத்துக் கதை, சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியது. பாலகுமாரனின் உடையார் ஆறு பாகம், பெரிய கோயில் எழும்பும் கதை. இரண்டையும் எல்லோரும் உனக்குச் சிபாரிசு செய்வார்கள். நல்ல மனசோடுதான் செய்வார்கள். ஆனால் இப்போது எடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் நீ வந்தியத்தேவனைத் தேடுவாய். உடையாரில் இருப்பவர் நீ பார்த்த இளவரசர் அருள்மொழி இல்லை, ராஜராஜன் ஆகிக் கோயில் கட்டும் பேரரசர். ஆறு மாசம் போகட்டும். பக்கத்துக்குப் பக்கம் ஓவியம் பார்த்துக்கொண்டே படிக்கும் ஆசை இருந்தால் அப்போது சு. வெங்கடேசனின் வேள்பாரியும் எடுக்கலாம். விகடனில் அதற்குப் படம் போட்டவர் மணியம் செல்வன். நம் பாட்டி கத்தரித்த பக்கங்களில் படம் போட்ட மணியத்தின் மகன்.

சோழர்களை விடவே முடியவில்லை என்றால் நாவல் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுமன்னார்கோயிலுக்குப் போய் வா. கதையின் முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் போகிற வீரநாராயண ஏரி, அதான் இன்றைய வீராணம், அங்கேதான் இருக்கிறது. ஆழ்வார்க்கடியான் தடியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நின்ற வீரநாராயணபுரமும் அந்த ஊர்தான். அதே ஊரில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் என்று ஒன்று. அங்கே ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினர் சொத்து வரைக்கும் கணக்குப் பேசுகிற கல்வெட்டு. நந்தினி கல்கியின் கற்பனை, ஆனால் ரவிதாசன் கல்லில் இருக்கிறான். கதை எந்த ஏரிக்கரையில் புன்னகையோடு தொடங்குகிறதோ, கொலைக்கான சாட்சி அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்பது முதல்முறை தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது பற்றி மேலும் வேண்டுமானால் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம். அது கதைப் புத்தகம் இல்லை, மெதுவாகத்தான் போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு போனில், எந்த இடம் உனக்கு ரொம்பப் பிடித்தது என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது கடம்பூர் மாளிகை, அல்லது கடலில் புயல். நீ சொன்னதோ, "ஆரம்பத்துல ஓடத்துல ஏறச் சொல்லிக் கூப்பிடுவாரே மாமா, அப்புறம் அந்த ஏரியில மடையெல்லாம் எண்ணிக்கிட்டே போவாங்களே, அதான்." எழுபத்து நாலு கணவாய், நீ சொன்ன அதே மடைகள். அங்கே கொலையும் இல்லை, காதலும் இல்லை. ஒரு பையன் குதிரையில் போகிறான், ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டே வருகிறார். உனக்கு அந்தக் குரல்தான் பிடித்திருக்கிறது. இப்போது வீட்டில் ஆள் இல்லாத மாதிரி இருக்கிறது என்றாயே, இல்லாமல் போனது சோழ நாடு இல்லை. கதை சொல்கிற அந்த ஆள்.

அப்படியென்றால் உனக்கு அடுத்து வேண்டியது இன்னொரு கதைசொல்லி. ராஜா இருக்கிறாரா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை.

கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் எடு. மெலிசான புத்தகம், பயப்படாதே. கோவில்பட்டி பக்கம் இடைசெவல்காரர். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர். அப்படிப்பட்டவரைப் பின்னால் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியராகக் கூப்பிட்டுக்கொண்டது. கரிசல் சொற்களுக்குத் தனியாக ஓர் அகராதியே போட்டார்.

கதையின் தொடக்கத்தில் ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கக் குளத்தில் இறங்குகிறாள். காதில் பாம்படம், கனத்த தங்கக் காதணி, கிடக்கிறது. அதற்காக ஒருவன் அவளைத் தண்ணீரில் அமுக்குகிறான். அவள் கையில் ஒன்றும் இல்லை. வாய்க்கு அகப்பட்ட அவன் கால் பெருவிரலைக் கவ்விக்கொள்கிறாள். உயிர் போன பிறகும் பிடி விடவில்லை. அவனால் ஓட முடியவில்லை. பழுவேட்டரையர் படை வேண்டாம், பாதாளச் சிறை வேண்டாம், ஒரு பெருவிரல் போதும். நான் முதல் தடவை படித்தபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அதற்கப்புறம் ஊர் கூடுகிறது, வழக்குப் பேசுகிறது. வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர், அந்தப் பட்டப்பெயருக்கு ஒரு கதை. நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் உட்கார்ந்து பழைய கதை சொல்கிறாள்: தெலுங்கு தேசத்தில் ஒரு ராஜாவின் கண் தங்கள் வீட்டுப் பெண் மேல் விழுந்துவிட, மானத்துக்கு அஞ்சி ராவோடு ராவாக ஒரு கூட்டம் தெற்கே ஓடி வந்து, காட்டைக் கொளுத்தி நிலமாக்கிய கதை. ராஜாவைத் தேடிப் போகிற கதை உனக்குத் தெரியும், இது ராஜாவிடமிருந்து ஓடி வருகிற கதை. கல்கி சொல்லும்போது நீ ஓடத்தில் உட்கார்ந்திருந்தாய். இவர் சொல்லும்போது வேப்பமரத்தடியில், கட்டிலில்.

ஒரு எச்சரிக்கை. முதல் பத்துப் பக்கம் பாஷை தடுக்கும். நீ கோயம்புத்தூரில் வளர்ந்தவள், சில சொற்களுக்கு உனக்கு விழி பிதுங்கும். அர்த்தம் தேடிக்கொண்டு போனில் நோண்டாதே. வாய்விட்டுப் படி. காதுக்குப் பழகினதும் சரியாகிவிடும். ரெண்டாவது நாள் நீயே அத்தையிடம் அந்தப் பேச்சில் பேசுவாய், பார்.

பிடித்துவிட்டால் கோபல்லபுரத்து மக்கள் இருக்கிறது. அதே ஊர் சுதந்திரப் போராட்டக் காலத்துக்கு வந்து சேரும் கதை, 1991க்கான சாகித்ய அகாதெமி அதற்குத்தான். மூன்றாவதாக அந்தமான் நாயக்கர். ஆக, முடிந்ததும் ராத்திரி பதினொன்றரைக்கு என்னை எழுப்ப வேண்டிய அவசியம் கொஞ்ச நாளைக்கு இருக்காது.

பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடு. புத்தகத்தின் மேல் பழி போடாதே, கடல் புறாவை நினைத்துக்கொள். அப்போது ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியைத் தருகிறேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இந்தோனேசியாவின் மெடானிலும் மலேயாவின் பினாங்கிலும் சுற்றுகிற நம்ம ஊர்ப் பையன். வாய் வந்தியத்தேவனுக்குக் குறையாது, மனசு மட்டும் அவ்வளவு லேசானது இல்லை. அதை இருபத்திரண்டு வயதில் உடனே தரலாமா என்று எனக்கு ஒரு யோசனை. அதைப் பிறகு பேசலாம்.

பைண்டு புத்தகத்தைக் கேட்டாய். தர மாட்டேன். இரவல் போய் நாலு அத்தியாயம் இழந்த வீடு இது. வேண்டுமானால் தீபாவளிக்கு இங்கே வந்து, இங்கேயே உட்கார்ந்து புரட்டு.

கோபல்ல கிராமத்தை சனிக்கிழமை உன் அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நடுவில் ரெண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்துப் பிரி. காப்பி கொட்டியது உன் அம்மாதான். கேட்டால் இல்லவே இல்லை என்பாள்.

அன்புடன்,
மாமா