சதுப்பு நடுவே ஒரு தேவாலயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்து என்றாலே லண்டனைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். கென்ட் மாவட்டத்து ராம்னி சதுப்பில் இருக்கும் ஃபேர்ஃபீல்ட் தேவாலயத்தைப் பற்றியும் ஒருமுறை எழுதுங்கள். 1170இல் கொலையுண்ட கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டின் பெயர் தாங்கியது. சுற்றிலும் ஓடைகளும் ஆடுகளும்தான், பக்கத்தில் ஒரு வீடு கிடையாது. 1913இல் மேட்டுப்பாதை போடும்வரை, வெள்ளக்காலத்தில் படகிலோ குதிரையிலோதான் ஆராதனைக்கு வருவார்களாம்! வெளியே செங்கல் சுவர். உள்ளே பழைய மர உத்திரங்கள். அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரியே இருக்கும். அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். பெட்டி மாதிரி பலகையடைத்து வெள்ளையடித்த இருக்கையின் சின்னக் கதவைத் திறந்து உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவே மனமில்லாமல் இருந்தார்.

– ஒரு வாசகி, கென்ட்