காவிரி முதலைகளின் கணக்கு: வன அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, ஓசூர் வனக்கோட்டங்களின் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

பென்னாகரத்தில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2022ஆம் ஆண்டு காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது மனம் நிறைய மகிழ்ந்தேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். முதலைகளைக் கணக்கெடுக்கும்போது மொத்த எண்ணிக்கையோடு ஒவ்வொன்றின் உத்தேச நீளத்தையும், அன்றைய நீர்மட்டத்தையும், கண்ணில் பட்ட முட்டைக்குழிகளையும் ஆண்டுதோறும் ஒரே முறையில் பதிந்து வெளியிட வேண்டும்.

இரவில் டார்ச் வெளிச்சத்தில் மின்னும் கண்களை வைத்தே முதலைகளை எண்ணுகிறோம். அந்நேரம் மூழ்கியிருப்பவை கணக்கில் வருவதில்லை. ஆற்றில் நீர் குறைந்தால் அவை மடுக்களில் கூடிவிடுவதால், எண்ணிக்கை பெருகியதுபோலவும் தோன்றும். தவிர, குஞ்சுகள் மலிந்த ஆறும் முதிய முதலைகள் மட்டுமே எஞ்சிய ஆறும் ஒரே எண்ணைத் தரக்கூடும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1962இல் நிறுத்திய அலிகேட்டர் (முதலைக்கு உறவான இனம்) வேட்டையை 1972இல் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் அனுமதித்தது. எவ்வளவு பிடித்தால் இனம் தாங்கும் என்பதை அறிய, ஜேம்ஸ் நிக்கல்ஸ் குழுவினர் 1976இல் ஒரு கணினி மாதிரியை வெளியிட்டனர். இத்தகைய மாதிரிகளின் அடிப்படை எளியது. முட்டை, குஞ்சு, இளம் முதலை, முட்டையிடும் பெண் என்று பிரித்து, ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பங்கு பிழைத்து அடுத்த நிலைக்குப் போகிறது என்று கணக்கிட்டால், மீதி வேலையைப் பத்தாம் வகுப்பு மாணவர் அறிந்த அணிப் (மேட்ரிக்ஸ்) பெருக்கலே செய்துவிடும். முட்டைகளில் பெரும்பங்கு அழிந்தாலும் இனம் தாங்குகிறது. வளர்ந்த பெண் முதலைகள் சில வலையில் சிக்கி இறந்தால் அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பதே இக்கணக்கு காட்டும் பாடம்.

ஆனால் அங்குள்ள எண்களை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. அலிகேட்டர் இலைதழைகளைக் குவித்து முட்டையிடுகிறது. நம் சதுப்பு முதலையோ பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் கரை மணலில் குழி பறித்து இடுகிறது. ஒரு கோடையில் ஒகேனக்கல் பரிசல்காரர் ஒருவர், நீர் ஏறி வடிந்த மணல்திட்டு ஒன்றை எனக்குக் காட்டினார். ஈர மணலில் பாதி புதைந்து, வாத்து முட்டை போன்ற வெண்ணிற முட்டைகள் கிடந்தன. "இனிமே பொரிக்காதுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தார். எனவே காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்தும் இக்கணக்கில் சேர வேண்டும். மணலின் வெப்பமும் முக்கியம், ஏறத்தாழ 32.5 பாகை செல்சியஸில் பெரும்பாலும் ஆண் குஞ்சுகளும், அதற்குக் கீழே பெண் குஞ்சுகளும் பிறக்கின்றன.

வரும் பிப்ரவரிக்குள் பதிவேட்டின் படிவம் தயாராகிவிட்டால், கணக்கிடும் வேலையில் உள்ளூர்க் கல்லூரி மாணவர்களோடு அமர நானும் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பென்னாகரத்துக் கணக்கு ஆசிரியர்