பின்பாட்டுக்காரரின் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் பிற பாடகர்களோடு சேர்ந்து பாடிய ஜோடிப் பாடல் இசைத்தட்டுகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். குரல் தளர்ந்த பாடகர்கள் அடுத்தவர் புகழில் சாய்ந்துகொள்ள எடுக்கும் ஊன்றுகோல்தான் இத்தகைய தட்டுகள் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். பெருந்துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேசட் கடை நடத்தியவன் நான். மகன் வேலை பார்க்கும் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஆறு மாதம் தங்கியபோது, அவன் காரில் வேறு வழியின்றி நெல்சனின் பாடல்களைக் கேட்கத் தொடங்கி, ஊர் திரும்புவதற்குள் விரும்பிக் கேட்பவனாக மாறிப்போனேன். அந்த உரிமையில் கட்டுரையாளரின் முடிவை மறுத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். கட்டுரை நெல்சனை "நாட்டுப்புறப் பாடகர்" என்கிறது. இருபத்துநான்கு நாடுகளாகப் பிரிந்து கிடந்த கொங்கில் பிறந்த எனக்கு 'நாடு' என்ற சொல்லின் மேல் குறையொன்றும் இல்லை. ஆனால் கன்ட்ரி இசை, நம் கும்மியைப் போலவோ ஒயிலைப் போலவோ இசைத்தட்டின் துணை இல்லாமல் வாழ்ந்து வந்த இசை அன்று. மலைக்குடிகளின் பழம்பாட்டு அதற்கு வேராக இருந்தாலும், அது வளர்ந்தது தட்டிலும் வானொலியிலும்தான். 1927-இல் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ப் பீர் என்பவர் அமெரிக்காவின் பிரிஸ்டல் என்ற சிற்றூரில் பதிவுக் கருவியோடு முகாமிட்டபோது, கார்ட்டர் குடும்பத்தார் என்ற பாட்டுக் குழுவும் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகரும் ஒரே வாரத்தில் அங்கு வந்து பாடினார்கள். நான்கே ஆண்டுகள் கழித்து, 1931-இல், அந்த இரு தரப்பையும் லூயிவில் நகரில் சேர்ந்து பாட வைத்துத் தட்டு வெளியிட்டார்கள். ஆகவே, ஒரு பாடகர் மற்றொருவரோடு சேர்ந்து தட்டு வெளியிடுவது அந்த இசையில் அந்திமக் காலத்து ஏற்பாடு அன்று. தொட்டில் காலத்திலேயே இருந்த பழக்கம்.

இனி, கட்டுரையில் பெரிதும் குறை கூறப்பட்ட 1985-ஆம் ஆண்டுத் தட்டுக்கு வருகிறேன். அதன் தலைப்பு 'ஹாஃப் நெல்சன்'. மல்யுத்தப் பிடி ஒன்றின் பெயர் அது. பாதிதான் நெல்சன், மீதிப் பாதி மற்றவர்கள் என்ற குறும்பும் அதில் இருக்கிறது. 1933-இல் டெக்சாஸின் அபாட் என்ற சிற்றூரில் பிறந்து, சிறுவயதில் பருத்திக் காட்டில் பஞ்சு பறித்தவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. குரல் தளரவும் இல்லை, சந்தை சரியவும் இல்லை. சாய்ந்துகொள்ள அவருக்கு யாரும் தேவைப்படவில்லை என்பதோடு, பலன் எதிர்ப்பக்கம் போனதைத்தான் நான் காண்கிறேன். அந்தத் தட்டில் அவரோடு பாடிய ரே சார்லஸ் வேறு இசையில் ஏற்கெனவே மாமேதை. ஆனால் கன்ட்ரி பாடல்களின் தரவரிசைப் பட்டியலில் அவருக்கு முதலிடம் கிடைத்தது நெல்சனோடு பாடிய 'செவன் ஸ்பானிஷ் ஏஞ்சல்ஸ்' என்ற பாடலால்தான். அதில் முதல் சரணம் ரே சார்லஸுடையது. தட்டுக்கு உரியவரான நெல்சன் இரண்டாவது சரணம் வரை காத்திருக்கிறார். இந்த இருவரின் நட்பைப் பற்றி நெல்சன் சொல்லும் கதை ஒன்றும் உண்டு: பார்வையற்ற ரே சார்லஸ் தம்மை இருட்டறையில் சதுரங்கம் ஆட வைத்துத் தோற்கடித்தார் என்றும், அடுத்த முறை விளக்கைப் போட்டு ஆடலாமா என்று தாம் கேட்டதாகவும். உண்மையோ, சற்று ஊதியதோ, அந்த நெருக்கம் பாட்டிலும் கேட்கிறது.

அதே தட்டில் இன்னொரு ஜோடி என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. 1953 புத்தாண்டு நாளில், இருபத்தொன்பது வயதில் இறந்துபோன கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் விட்டுச் சென்ற பழைய ஒலிப்பதிவு ஒன்றோடு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் நெல்சன் தம் குரலைச் சேர்த்திருக்கிறார். இதைச் செத்தவர் பெயரில் நடத்திய வியாபாரம் என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். வியாபாரம் இல்லை என்று நானும் வாதிடவில்லை. கேசட் விற்றே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் வியாபாரத்தைப் பழித்தால் அடுக்காது. ஆனால் எதிர்ப்பேச்சுப் பேச வழியில்லாத அந்த மனிதரின் பெயர், உயிரோடிருக்கும் பாடகர்களின் பெயருக்கு இணையாகத் தட்டில் இருக்கிறது. நான் சொல்ல வருவது இந்தப் பெயரைப் பற்றித்தான்.

மெர்ல் ஹேகர்ட் என்ற கன்ட்ரி பாடகரோடு நெல்சன் செய்த 1983-ஆம் ஆண்டு 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி' தட்டையும் இங்கே சொல்ல வேண்டும். தலைப்புப் பாடலை எழுதியவர் டவுன்ஸ் வான் சான்ட். டெக்சாஸில் நெல்சனின் பதிவுக்கூடத்தில் நள்ளிரவு தாண்டி அதைப் பதியும்போது, வெளியே பேருந்தில் உறங்கிக்கொண்டிருந்த ஹேகர்டை எழுப்பிக் கூட்டிவந்து ஒரே மூச்சில் பாட வைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பாட்டில் ஹேகர்டின் பங்கு கடைசிச் சரணம் மட்டுமே. முக்கால்வாசிப் பாட்டு முடிந்த பிறகு, தூக்கம் கலையாத கனத்த குரல் ஒன்று நுழையும்போதுதான் கதை முழுமை பெறுகிறது. தாளத்துக்கு ஒரு அடி முன்னாலோ பின்னாலோ நடந்தே பழகிய நெல்சனோடு சேர்ந்து பாடுவது எளிதும் அன்று. அவர் எங்கே வந்து நிற்பார் என்று பார்த்துப் பார்த்து அடி வைக்க வேண்டும். உடன் பாடுவது ஒரு தனி வித்தை.

அந்த வித்தை கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளும் செங்கோட்டை கிட்டப்பாவும் நாடக மேடையில் போட்டி போட்டுப் பாடியதை என் தாத்தா கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1933-இல் கிட்டப்பா மறைந்த பின், எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்துவிட்டார் அந்த அம்மையார். பிறகு 1935-இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு வந்தபோது ஏற்றது நந்தனார் என்ற ஆண் வேடம். எதிரே நின்று பாடியவர் போனபின் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவைப்பதும் உடன்பாடியவருக்குச் செய்யும் மரியாதைதான்.

உடுக்கைப் பாட்டைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிதில் விளங்கும். பொன்னர்-சங்கர் என்ற அண்ணன் தம்பியரைப் பற்றிய கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையைத் தனி ஆள் பாட முடியாது. முன்பாட்டுக்காரர் உடுக்கையை இறுக்கி ஓர் அடி எடுத்துக் கொடுத்தால், பின்பாட்டுக்காரர் அதன் வாலைப் பிடித்து நீட்டுவார். வசனம் வரும்போது "ஆமா" போடுவார். பெரியவர் மூச்சு வாங்கும் நேரத்தில் ஒப்பாரியைத் தாமே தூக்கிச் செல்வார். பல இரவுகள் நீளும் கதையில் பாதிச் சுமை அவர் தோளில்தான். 1965-இல் காங்கேயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த ஆய்வாளர் பிரெண்டா பெக் அம்மையார் இந்தக் கதையை முழுவதும் ஒலிநாடாவில் பதிந்தார். அந்தப் பதிவைப் பற்றிய குறிப்புகளில் முன்பாட்டுக்காரர் ராமசாமியின் பெயரோடு, உடன் பாடிய பழனிசாமியின் பெயரும் இருக்கிறது. கடல் கடந்து வந்தவருக்கு எழுதி வைக்கத் தோன்றியது, இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தோன்றவில்லை.

எங்களுக்கு என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன், குற்றம் என்னுடையதுதான். 1986-இல் பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் இடைப்பட்ட ஓர் ஊர் நோம்பியில், அதாவது திருவிழாவில், இரண்டு பேர் பாடிய உடுக்கைப் பாட்டை என் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில் 90 நிமிடக் கேசட்டுகள் ஏழில் பதிந்தேன். கொம்பன் என்ற காட்டுப் பன்றியைப் பொன்னாச்சி என்ற குட்டி நாய் மடக்கும் கட்டத்தில் கூட்டம் சிரித்த சிரிப்பு அதில் இருக்கிறது. படுகளத்தில் அண்ணன்மார் விழுந்து கிடக்க அவர்கள் தங்கை தங்காள் தேடி வரும் இடம், முழுக்க முழுக்கப் பின்பாட்டுக்காரருடையது. நூற்றுக்கணக்கில் படியெடுத்து விற்றேன். வாங்கியவர்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி அழுதது அந்த இடத்துக்குத்தான். ஆனால் அட்டையில் நான் அச்சடித்தது முன்பாட்டுக்காரரின் பெயரை மட்டும். கூலியையும் அவரிடமே கொடுத்தேன். மற்றவருக்கு அவர் பிரித்துக் கொடுத்திருப்பார் என்று நம்பிக்கொண்டு, கேட்காமலே விட்டேன். பெயர் இரண்டாக இருந்தால் அட்டையில் எழுத்து சிறுத்துவிடும் என்று அப்போது எனக்கு ஒரு காரணமும் இருந்தது.

கேசட் போய், குறுந்தகடு போய், இன்று கைப்பேசியில் எல்லாம் ஏறிவிட்டது. 2024-இல் வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு நம் பக்கத்துக் கலைகளைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் அவர்களும் முன்னால் நிற்பவர் பெயரைப் போட்டுவிட்டு "மற்றும் குழுவினர்" என்று முடித்துவிடுகிறார்கள். தங்கள் நிருபர்கள் எழுதும் திருவிழாச் செய்திகளிலும் இதே 'குழுவினர்'தான். இனிமேல் உடுக்கைப் பாட்டுச் செய்தி வரும்போது பின்பாட்டுக்காரரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதும்படி அவர்களுக்குத் தாங்கள் சொல்ல வேண்டும். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

தனிப்பட்ட முறையிலும் ஒரு வேண்டுகோள். அந்த 1986 நோம்பியில் பாடிய இரண்டாமவரை எல்லாரும் "சின்னவர்" என்றே கூப்பிட்டார்கள். முன்பாட்டுக்காரர் காலமாகிவிட்டார், அவர் மக்களுக்கும் சின்னவரின் பெயர் தெரியவில்லை. ஒல்லியான ஆள், இடது கையில் வெள்ளிக் காப்பு, "தங்காளே" என்ற விளியில் கடைசி எழுத்தை வேண்டுமென்றே உடைத்துப் பாடுவார். அறிந்தவர்கள் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவித்தால், நாடாக்களை மகன் கணினியில் ஏற்றி முடிப்பதற்குள் அந்தப் பெயரையும் சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.